ஸ்பர்ஜனோட காலை மாலை தியானத்தை பாதியில விடாம படிக்கிறது எப்படி

19ம் நூற்றாண்டு இங்கிலாந்து போதகர் சார்ல்ஸ் ஸ்பர்ஜன் எழுதின தின தியானத்தை ஜனவரி ஒண்ணாந்தேதி ஆசையா திறந்து, பிப்ரவரிக்குள்ள அலமாரியில போட்டவங்க நிறைய பேர் இருப்பீங்க, நானும் ரெண்டு தடவை அப்படி போட்டவன்தான். மூணாவது தடவை ஒண்ணே ஒண்ணு மாத்தினேன், முதல்ல அந்த ஆள் யாருன்னு தெரிஞ்சுகிட்டு அப்புறம் புத்தகத்தை எடுத்தேன், அந்த வருஷம்தான் டிசம்பர் வரைக்கும் போச்சு.

எந்த புத்தகம்னு முதல்ல சொல்லிடறேன். 1860கள்ல காலைக்கு ஒண்ணு மாலைக்கு ஒண்ணுன்னு ரெண்டு தனி புத்தகமா வந்தது, இப்போ பெரும்பாலும் சேர்த்தே போடறாங்க. அவர் இறந்தது 1892ல, அதனால இங்கிலீஷ் மூலத்துக்கு காப்பிரைட் கிடையாது, நெட்ல சும்மாவே கிடைக்கும். பழைய இங்கிலீஷ் கடிக்குதுன்னா இப்போதைய நடைக்கு மாத்தின பதிப்பும் இருக்கு, அதை எடுங்க, ஒண்ணும் குறைஞ்சு போயிடாது.

புத்தகத்தை திறக்கறதுக்கு முன்னாடி ஒரு சாயங்காலம் ஒதுக்கி, ஒரு துண்டு பேப்பர்ல அவரோட வாழ்க்கையில நாலஞ்சு தேதியை எழுதி முன் அட்டைக்கு உள்பக்கம் ஒட்டிடுங்க. 1834 ஜூன் 19, இங்கிலாந்துல எசெக்ஸ் பக்கம் கெல்வடன்ல பிறப்பு. அப்பா, தாத்தா ரெண்டு பேருமே போதகருங்க, சின்ன வயசுல தாத்தா வீட்லதான் வளர்ந்தாரு, அங்க ஜன்னலுக்கு வரி போட்ட காலத்துல அடைச்சு வச்ச ஒரு இருட்டு ரூம், அது நிறைய பழைய பியூரிட்டன் (16, 17ம் நூற்றாண்டு இங்கிலாந்துல திருச்சபையை இன்னும் சீர்திருத்தணும்னு நின்ன கிறிஸ்தவங்க) புத்தகங்கள். பையன் அதையெல்லாம் வெளிச்சத்துக்கு தூக்கிட்டு வந்து படிச்சிருக்கான். தியானத்துல வரிக்கு வரி உவமையா வருதேன்னு உங்களுக்கு தோணும்போது அந்த ரூமை நினைச்சுக்கோங்க.

அடுத்தது 1850 ஜனவரி 6. பனிப்புயல்ல போக வேண்டிய இடத்துக்கு போக முடியாம கால்செஸ்டர்ல ஒரு சின்ன மெதடிஸ்ட் சிற்றாலயத்துல ஒதுங்கறாரு, வயசு 15. அங்க பேசினவரு பெரிய படிப்பாளி இல்ல, ஏசாயா 45:22ஐயே திரும்ப திரும்ப சொல்றாரு, "என்னை நோக்கிப்பாருங்கள்". அன்னைக்குத்தான் ரட்சிக்கப்பட்டேன்னு ஸ்பர்ஜன் கடைசி வரைக்கும் சாட்சி சொன்னாரு. அதே வருஷம் மே 3ந்தேதி லார்க் ஆத்துல முழுக்கு ஞானஸ்நானம். அம்மாவுக்கு கொஞ்சம் வருத்தம், நீ கிறிஸ்தவனாகணும்னு ஜெபிச்சேனே தவிர பாப்டிஸ்ட் (குழந்தைக்கு இல்லாம, விசுவாசிச்சவங்களுக்கு மட்டும் முழுக்கு கொடுக்கற சபைக்காரங்க) ஆகணும்னு ஜெபிக்கலையேப்பான்னு சொல்ல, ஆண்டவர் எப்பவும் கேட்டதுக்கு மேலயே தருவாரும்மான்னு இவரு பதில் சொல்லியிருக்காரு :) இந்த குறும்பு தியானத்துலயும் அங்கங்க எட்டிப்பாக்கும், விட்டுடாதீங்க.

17 வயசுல வாட்டர்பீச் கிராமத்துல போதகர், 1854ல 19 வயசுல லண்டன் நியூ பார்க் ஸ்ட்ரீட் சபைக்கு போதகர், காலேஜ் படிப்பும் இல்ல, முறைப்படி குருப்பட்டமும் வாங்கல. கூட்டம் தாங்காம பெரிய ஹால் வாடகைக்கு எடுக்கறாங்க.

இப்போ 1856 அக்டோபர் 19. பேப்பர்ல இதை அடிக்கோடு போடுங்க. சர்ரே கார்டன்ஸ் மியூசிக் ஹால்ல ஆயிரக்கணக்கான ஜனம், யாரோ தீ தீன்னு கத்தினாங்க, தீயே இல்ல, ஆனா நெரிசல்ல ஏழு பேர் செத்துப்போனாங்க. அவருக்கு வயசு 22, கல்யாணமாகி ஒரு வருஷம் கூட ஆகல, இரட்டை ஆம்பளப் பிள்ளைங்க பிறந்து ஒரு மாசம். கிட்டத்தட்ட ரெண்டு வாரம் பிரசங்கம் பண்ண முடியாம கிடந்தாரு, மனச்சோர்வு அதுக்கப்புறம் ஆயுசு முழுக்க வந்து வந்து போச்சு, பின்னாடி போதகர்களுக்காக தானே ஆரம்பிச்ச காலேஜ் மாணவர்களுக்கு ஊழியர்களோட சோர்வைப் பத்தியே தனியா ஒரு பாடம் எடுத்தாரு. இதை தெரியாம படிச்சா "கலங்காதே"ங்கற வரி காலண்டர்ல கிழிக்கற வசனம் மாதிரி இருக்கும், தெரிஞ்சு படிச்சா இந்த மனுஷன் எதை வச்சு சொல்றாருன்னு புரியும், எனக்கு புத்தகம் மாறினது இந்த இடத்துலதான்.

சரி, படிக்கிற முறை. காலை, மாலை ரெண்டையும் முதல் வருஷமே பிடிக்காதீங்க, ஒண்ணை மட்டும் எடுங்க. அவரு ஒரு வசனத்துல மூணு நாலு வார்த்தையை மட்டும் கிள்ளி எடுத்து எழுதுவாரு, அதனால முதல்ல பைபிள்ல அந்த அதிகாரத்தை முழுசா படிச்சுட்டு அப்புறம் தியானத்துக்கு வாங்க. உதாரணத்துக்கு ஜனவரி 1 காலைக்கு யோசுவா 5:12, கானான் தேசத்து விளைச்சலை சாப்பிட்டாங்கங்கற இடம். மன்னா நின்னுபோனதும் அந்த வசனத்துலயேதான் இருக்கு, வனாந்தரத்துல 40 வருஷம் அலைஞ்ச ஜனம்ங்கறது மனசுல இருந்தாத்தான் அவரு புது வருஷத்துக்கு ஏன் இதை எடுத்தாருன்னு பிடிபடும். பழைய ஏற்பாட்டுல எந்த பக்கம் திருப்பினாலும் கிறிஸ்துவைப் பாக்கறது அவரோட வழக்கம், உன்னதப்பாட்டுல இருந்து நிறைய எடுப்பாரு, சில நாள் இது கொஞ்சம் இழுக்கறாரோன்னு எனக்கே தோணும், அந்த நாள் வசனத்தை மட்டும் வச்சுகிட்டு நகர்ந்துடுவேன்.

ஒரு வருஷம் முடிச்சவங்க அவரோட இன்னொரு தின தியானமான, 1888ல வந்த "விசுவாச வங்கியின் காசோலைப் புத்தகம்"ங்கறதுக்கு போகலாம், நாளுக்கு ஒரே ஒரு சின்ன பகுதி. அதுக்கு முன்னுரை கட்டாயம் படிக்கணும். வாக்குத்தத்தம் ஒரு செக் மாதிரி, பின்னாடி கையெழுத்து போட்டு கவுண்டர்ல நீட்டணும், சும்மா பாத்துட்டு பீரோவுல வச்சா காசு வராதுன்னு விளக்குவாரு. அதை எழுதின நேரமும் முக்கியம். பாப்டிஸ்ட் போதகர்கள் சிலர் வேதத்தோட அதிகாரத்தையும் சிலுவை உபதேசத்தையும் தளர்த்தறாங்கன்னு அவரு எழுதப்போய் பெரிய சண்டையாகி, 1887 அக்டோபர்ல பாப்டிஸ்ட் சபைகளோட கூட்டமைப்பான பாப்டிஸ்ட் யூனியனை விட்டே வெளிய வந்தாரு, 1888 ஜனவரியில யூனியன் கவுன்சில் அவரையே கண்டிச்சு தீர்மானம் போட்டது. உடம்புல வேற கீல்வாதம், சிறுநீரகக் கோளாறு. நாலு வருஷத்துல, 57 வயசுல, பிரான்ஸ் தென்கரை மென்டோன்ல இறந்துட்டாரு.

நடுவுல நாள் விட்டுப்போச்சுன்னா பழைய பக்கத்துக்கு ஓடாதீங்க, எல்லாரும் கவுந்துபோறது அங்கதான், பத்து நாள் பாக்கியை ஒரே ராத்திரியில படிச்சு முடிக்கப் பாத்து அலுத்துடும். அன்னைக்கு தேதியை திறங்க, விட்டது அடுத்த வருஷம் அதே தேதியில வரும்.