அப்பா அம்மாவோடு சிங்கப்பூர்: வெயிலையும் களைப்பையும் சமாளிப்பது எப்படி?

"நம்ம ஊர்ல இல்லாத வெயிலா அங்க?" இதைச் சொல்லாத அப்பா கிடையாது. திருச்சியில் 40 டிகிரியைப் பார்த்தவர்கள். சிங்கப்பூரில் பகலில் 31, 32 என்று கேட்டால் சிரிக்கத்தான் செய்வார்கள். ஆனால் அங்கே காற்றில் ஈரம் அதிகம், வியர்வை காயாது. வியர்வை காய்ந்தால்தான் உடம்பின் சூடு இறங்கும். நம் ஊரில் வேப்பமரத்தடியில் ஐந்து நிமிடம் நின்றால் கிடைக்கிற ஆசுவாசம் அங்கே நிழலில்கூடக் கிடைக்காது. அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு, அதிலும் பிரஷருக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை போடுகிறவர்களுக்கு, இது சின்ன விஷயம் இல்லை.

முதல் நாள் மத்தியானம் ஒரு மணிக்கு நாங்கள் மெர்லயன் (சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட சிலை) பக்கம் நடந்துகொண்டிருந்தோம். அப்பா பேச்சைக் குறைத்திருந்தார், நான் கவனிக்கவில்லை. திடீரென்று படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது, முகம் வெளுத்திருந்தது. "ஒண்ணும் இல்லப்பா, நீங்க போய் பாத்துட்டு வாங்க" என்றார். காலையில் ஆளுக்கொன்று வாங்கிக் கொடுத்த தண்ணீர் பாட்டில் அவர் கையில் இருந்தது, மூடியின் சீல்கூட உடையவில்லை. பாத்ரூம் தேட வேண்டி வரும், பிள்ளைகளுக்குத் தொந்தரவு என்று காலையிலிருந்து ஒரு வாய்கூடக் குடிக்காமல் இருந்திருக்கிறார்.

நான் சொல்ல வருவது இதைத்தான்: பெற்றோர் களைப்பையும் தாகத்தையும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். அவர்கள் சொல்லவேண்டிய அவசியமே வராதபடி ஒவ்வொரு நாளையும் திட்டமிடுவது நம் வேலை.

காலையில் ஒரு இடம், சாயங்காலம் ஒரு இடம், அவ்வளவுதான். அங்கே நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது, சூரியனே ஏழு மணிக்குத்தான் உதிக்கும். ஊரில் ஐந்து மணிக்கு எழுகிறவர்களுக்கு அங்கே ஏழரைக்குத் தானாக விழிப்பு வந்துவிடும். டிபனை முடித்துக்கொண்டு பொட்டானிக் கார்டன்ஸ் போய்விடுங்கள்; நுழைவுக் கட்டணம் இல்லை, நிழல் உண்டு, உட்கார பெஞ்சும் உண்டு. கோவில்களையும் காலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். 1827இல் தொடங்கிய சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோவில் உட்படப் பல கோவில்கள் மத்தியானம் நடை சாத்திவிடும். பதினொரு மணிக்கு மேல் வெளியே இருக்காதீர்கள். ரூமுக்கு வந்து சாப்பிட்டுத் தூங்கட்டும். "இவ்ளோ செலவு பண்ணி வந்து தூங்குறதா?" என்று அம்மா கேட்பார்கள். ஆமாம், தூங்கத்தான் வேண்டும். நாலரை, ஐந்துக்குக் கிளம்பினால் ராத்திரி ஒன்பது வரை தெம்பாக இருப்பார்கள்.

மத்தியானம் எங்காவது போயே ஆகவேண்டும் என்றால் ஏ.சி. உள்ள இடமாகப் பாருங்கள். கார்டன்ஸ் பை த பேயில் இருக்கிற கிளவுட் ஃபாரஸ்ட், ஃப்ளவர் டோம் இரண்டுமே குளிரூட்டிய கண்ணாடிக் கூடாரங்கள். கிளவுட் ஃபாரஸ்ட்டுக்குள் 35 மீட்டர் உயர அருவி கொட்டுகிறது. லிட்டில் இந்தியாவில் இந்திய மரபுடைமை நிலையம் இருக்கிறது, நம் ஆட்கள் அங்கே போய்க் குடியேறிய கதையை அப்பாக்கள் நின்று படிப்பார்கள், திங்கட்கிழமை விடுமுறை. ஒரு விஷயம், வெளியே 32 டிகிரியில் நனைந்த சட்டையோடு ஏ.சி.க்குள் நுழைந்தால் வயதானவர்களுக்கு உடனே நடுக்கம் வரும். அம்மாவுக்கு ஒரு சால்வை, அப்பாவுக்கு மாற்றுச் சட்டை, ஒரு துண்டு, இவை எப்போதும் பையில் இருக்கட்டும்.

தண்ணீருக்கு வருவோம். "தண்ணி வேணுமா?" என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் பதில் வரும், அதனால் கேட்காதீர்கள். மூடியைத் திறந்து கையில் கொடுங்கள், நீங்களும் கூடக் குடியுங்கள். முக்கால் மணிக்கு ஒருமுறை இதைச் செய்தாலே போதும். (இதய, சிறுநீரகப் பிரச்சினைக்காகத் தண்ணீர் அளவு சொல்லப்பட்டவர்கள் என்றால் டாக்டரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.) எம்.ஆர்.டி. என்கிற மெட்ரோ ரயிலுக்குள்ளும் நிலையத்துக்குள்ளும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது, தண்ணீருக்கும் அதே சட்டம்தான், 500 டாலர் வரை அபராதம் போடலாம். ஆகவே கார்டு தட்டி உள்ளே போவதற்கு முன்பே குடிக்க வைத்துவிடுங்கள். அங்கே குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம் என்பதால் பாட்டிலை எங்கேயும் நிரப்பிக்கொள்ளலாம். எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் பாத்ரூம் எங்கே என்று பார்த்து "அதோ அங்க இருக்கு" என்று காட்டிவிடுங்கள். அது தெரிந்துவிட்டால் அம்மா தானாகவே தண்ணீர் கேட்பார்கள். நிறைய இடங்களில் டிஷ்யூ மட்டும்தான் இருக்கும், அதனால் காலி பாட்டில் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

எம்.ஆர்.டி.யின் எஸ்கலேட்டர் நம் ஊர் மால்களில் இருப்பதைவிட வேகமாக ஓடும். புடவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு அம்மா முதல் படியின் முன்னால் தயங்கி நிற்க, பின்னால் ஆட்கள் சேர்ந்துவிடுவார்கள், அந்தப் பதற்றத்தில்தான் கால் இடறும். எல்லா நிலையங்களிலும் லிஃப்ட் இருக்கிறது, இரண்டு நிமிடம் கூடுதலாக ஆனாலும் அதிலேயே போங்கள். டாக்சிக்குச் செலவழிப்பதிலும் கணக்குப் பார்க்காதீர்கள், நாலு பேர் என்றால் பெரிய வித்தியாசம் வராது.

இனி கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டியவை. இந்திய பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டும், அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் வழியாக எடுத்துவிடலாம். வருகைப் படிவத்தை இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும். அது முழுக்க இலவசம், பணம் கேட்கிற தளம் என்றால் வெளியே வந்துவிடுங்கள். டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலியும் கேட்டு வையுங்கள். "எனக்கு எதுக்கு அதெல்லாம்" என்பார் அப்பா. நடக்க முடியாதவர்களுக்கு மட்டும் இல்லை, சாங்கி மாதிரிப் பெரிய விமான நிலையத்தில் தூக்கம் கெட்ட காலையில் மூட்டுவலியோடு நடக்கிறவர்களுக்கும்தான் அது என்று பொறுமையாகச் சொல்லிப் பாருங்கள்.

நம் ஊரிலிருந்து போகும் விமானங்களில் பல ராத்திரி கிளம்பி விடிகாலையில் இறங்குகின்றன. ஓட்டலில் ரூம் கொடுப்பதோ மத்தியானம் இரண்டு, மூன்று மணிக்கு. நடுவில் எட்டு மணி நேரம் பெட்டியோடு லாபியில் அவர்களை உட்கார வைப்பது போன்ற கொடுமை வேறு இல்லை. முந்தைய இரவுக்கும் சேர்த்து ரூம் போட்டுவிடுங்கள், அந்தப் பணம் வீண் இல்லை. முதல்முறை போகிறவர்களுக்கு லிட்டில் இந்தியா, ஃபேரர் பார்க் பக்கம் தங்குவது வசதி. இட்லியும் தயிர்சாதமும் நடந்து போகிற தூரத்தில் கிடைக்கும், கடையில் தமிழிலேயே பேசலாம். ஞாயிறு சாயங்காலம் மட்டும் அங்கே கூட்டம் நெருக்கும்.

மாத்திரைகளைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், அட்டையோடு, டாக்டர் சீட்டோடு. இன்சுலின் கண்டிப்பாகப் பெட்டிக்குள் போகக் கூடாது, ஐஸ்மேல் நேராக வைக்கவும் கூடாது. தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து மாதிரியானவற்றுக்கு முன் அனுமதி தேவைப்படலாம், சிங்கப்பூர் சுகாதார அறிவியல் ஆணையத்தின் தளத்தில் பார்த்துவிடுங்கள். அம்மா கட்டும் பொடி டப்பாக்களையும் ஒருமுறை பாருங்கள்: கசகசாவை அனுமதி இல்லாமல் கொண்டுபோகக் கூடாது. இறைச்சி ஊறுகாய் வேண்டாம். வாயில் அடக்கும் புகையிலைக்கும் அங்கே தடை. இருக்கிற நோயையும் சேர்த்து எழுதுகிற பயணக் காப்பீடாகப் பார்த்து எடுங்கள், அங்கே மருத்துவச் செலவு தாங்காது. ஆம்புலன்சுக்கு 995, ஓட்டல் விலாசத்தோடு இந்த எண்ணையும் தாளில் எழுதி அப்பாவின் சட்டைப்பையில் வையுங்கள்.

புதுச் செருப்பைப் பயணத்துக்கு முந்தைய நாள் வாங்கித் தராதீர்கள், இரண்டு வாரம் முன்பே வாங்கிப் போட்டுப் பழகட்டும். சர்க்கரை உள்ளவர்களின் கால்களை ராத்திரி படுக்கும் முன் நீங்களே பார்த்துவிடுங்கள். கொப்புளம் வந்தாலும் அவர்களுக்கு வலி தெரியாமல் போகலாம்.

கடைசி நாள் ரூமைக் காலி செய்த பிறகு விமானத்துக்கு நேரம் கிடந்தால், பெட்டியோடு ஊர் சுற்ற வேண்டாம். சீக்கிரமாகவே சாங்கிக்குப் போய், விமான நிலையத்தை ஒட்டிய ஜுவல் என்கிற மாலில் உட்காருங்கள். 40 மீட்டர் உயரத்திலிருந்து கூரை வழியாகத் தண்ணீர் கொட்டும், ஏ.சி. உண்டு, பாத்ரூம் பக்கத்திலேயே உண்டு. அம்மா அங்கே ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள், அன்றைக்குத் தண்ணீரைத் தானே கேட்டு வாங்கிக் குடித்தார்கள்.