சிப்பிக் காளானுக்கு எத்தனை கூட்டம்? ரெண்டு காசு சுண்டிப் பார்க்கலாம்

எங்கள் கொங்குப் பக்கம் பலரும் சம்பந்தம் பேசினால் முதலில் கேட்பது "என்ன கூட்டமுங்க?" என்பதுதான். கூட்டம் என்றால் குலம். ஒரே கூட்டம் என்றால் பங்காளி. பேச்சு அதோடு முடிந்தது. சிப்பிக் காளானும் இதைத்தான் பார்க்கிறது. என்ன, அதற்கு ஆளுக்கு இரண்டு கூட்டம்.

1. ஸ்போர் எடுங்கள். காளானுக்கு விதை மாதிரி இருக்கும் தூள் அது. உழவர் சந்தையில் நன்றாக விரிந்து, ஓரம் மேலே திரும்பிய காளானாகக் கேட்டு வாங்குங்கள். குழம்புக்குப் பொறுக்கும் இளசு ஆகாது. நான் முதல் தடவை அதை வைத்து, விடியும் வரை ஒன்றுமே விழவில்லை. காம்பை நறுக்கிவிட்டு, குடைக்கு அடியில் மடிப்பு மடிப்பாக இருக்கும் செவுள் கீழே இருக்கும்படி கறுப்புத் தாளில் வைத்துக் கிண்ணத்தால் மூடுங்கள். காலையில் தாளில் விசிறி மடிப்பு மாதிரி வெளிறிய கோடுகள் இருக்கும். மோந்து பார்க்காதீர்கள், சிலருக்கு அலர்ஜி வரும்.

2. காசு சுண்டுங்கள். ஒவ்வொரு ஸ்போரிலும் குரோமோசோம் ஒரு தொகுதிதான். கூட்டத்தைத் தீர்மானிக்கும் மரபணு இடங்கள் இரண்டு: ஏ, பி. ஒரு ரூபாய்க் காசு ஏ, ஐந்து ரூபாய்க் காசு பி. தலையும் பூவும் அந்தந்த இடத்தின் இரண்டு வகை. இரண்டையும் சேர்த்துச் சுண்டினால் ஒரு ஸ்போர். ஒன்று விழுவதற்கும் மற்றது விழுவதற்கும் சம்பந்தமில்லை. அதனால் ஒரே காளானில் நாலு வகை ஸ்போர்.

3. ஜோடி பாருங்கள். எதிரில் இருப்பவரும் சுண்டட்டும். உங்களுக்குத் தலை என்றால் அவருக்குப் பூ என்று ஒரு ரூபாயும் மாற வேண்டும், ஐந்து ரூபாயும் மாற வேண்டும், அப்போதுதான் கல்யாணம். ஸ்போர் முளைத்தால் நூல் மாதிரி இழையாக வளரும். பி மாறினால்தான் ஒன்றின் உட்கரு (குரோமோசோம் இருக்கும் பகுதி) அடுத்ததன் இழைக்குள் நகர்ந்து போகும். ஏ மாறினால்தான் இரண்டும் ஜோடியாக நிற்கும். ஒன்று மட்டும் மாறினால் பாதியிலேயே நின்றுவிடும். 20 தடவைக்குச் சுமார் 5 தேறும். எனக்கும் என் மகளுக்கும் 7 வந்தது. இன்னும் நிறையச் சுண்டினால் கணக்கு நாலில் ஒன்றை நெருங்கும்.

அப்புறம் ஒரு வேடிக்கை. சேர்ந்த பிறகும் உட்கருக்கள் ஒன்றாவதில்லை. ஒரே வீட்டில் தனித்தனியாகக் குடியிருந்து, குடை விரியும் காலத்தில் செவுளில்தான் கலக்கின்றன. கலந்த கையோடு பிரிந்து நாலு ஸ்போர். கடையில் வாங்கும் காளான் வித்து ஸ்போர் அல்ல, ஏற்கெனவே ஜோடி சேர்ந்த இழை.

4. வெளியூர்ச் சம்பந்தம். பொள்ளாச்சிக் காளானையும் கோபிக் காளானையும் சேர்த்தால்? வேறு வேறு ரகம் என்றால், ஒரே இனமாக இருக்கும்வரை, பெரும்பாலும் எல்லா ஜோடியும் பொருந்தும். கூட்டங்கள் அத்தனை இருக்கின்றன. ஆனால் இரண்டு பண்ணையும் ஒரே தாய் வித்திலிருந்து வளர்த்திருந்தால் ஊர் மாறியும் பங்காளிதான். திரும்பவும் நாலில் ஒன்று.