அதானி போனது பறவைகளாலா?

சுற்றாடல் சட்டத்தை இறுக்கினால் வெளிநாட்டுக்காரன் காசைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான் என்று யாழ்ப்பாணத்தில் முதலீட்டுக் கதை எடுத்தாலே யாராவது சொல்லிவிடுவார். கையோடு அதானியும் வரும். மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட் காற்றாலை, 44 கோடி டொலருக்கு மேல் முதலீடு, வலசைப் பறவைகளுக்காக வழக்குப் போட்டார்கள், 2025 பெப்ரவரியில் அதானி விலகிவிட்டது, பார்த்தீர்களா என்பார்.

வழக்கு இருந்தது உண்மைதான். ஆனால் முறுகியது விலையில். முந்தைய அரசு அலகுக்கு 8.26 அமெரிக்கச் சதத்துக்கு ஒத்துக்கொண்டிருந்தது, புதிய அரசு 6 சதத்துக்குக் கீழே இறக்கச் சொன்னது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மின்திட்டத்தையும் இதோடு சேர்த்துச் சொல்கிறார்கள். 2021இல் சீன நிறுவனத்துக்குக் கொடுத்து அதே வருடம் நின்றுபோன அந்த வேலையில் பிரச்சினை இந்தியாவின் ஆட்சேபம், சுற்றாடல் அல்ல. அதோடு அது ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியில் நடக்கவிருந்த ஒப்பந்த வேலை, நேரடி முதலீடே இல்லை. இரண்டையும் குழப்பாதீர்கள்.

அடுத்த தவறு, எல்லாத் தொழிலையும் ஒரே தராசில் போடுவது. 1990களின் தொடக்கத்தில் ஜீன் குரோஸ்மன், அலன் குரூகர் என்ற இரண்டு பொருளியலாளர்கள் மெக்சிகோவுக்குப் போன அமெரிக்கத் தொழில்களை ஆராய்ந்தார்கள்; மாசுக் கட்டுப்பாட்டுச் செலவு அதில் பெரிதாக எதையும் தீர்மானித்ததாகத் தெரியவில்லை. தையல் ஆலைக்குச் சம்பளமும் மின்சாரமும் வரியும்தான் பெரிய செலவு. சீமெந்து, இரசாயனம் என்றால் கணக்கு வேறு, அங்கே சட்டம் கடிக்கும். ஆனால் சீமெந்துக்காரன் சுண்ணக்கல் இருக்கும் இடத்தை விட்டு எவ்வளவு தூரம் போவான்?

சட்டம் கடுமையா இலகுவா என்று மட்டும் பார்ப்பதும் சரியில்லை. சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையை மக்கள் பார்த்துக் கருத்துச் சொல்ல 30 நாள். அந்த 30 நாளுக்குப் பயந்து யாரும் ஓடமாட்டார்கள். அதற்குப் பிறகு பதில் எப்போது வரும், ஆட்சி மாறினால் அதுவும் மாறுமா என்பதுதான் காசு போடுகிறவனின் பயம்.

சரி, சட்டத்தைத் தளர்த்தினால் செலவு குறைந்துவிடும் என்கிறார்களே, அது வேறு ஆளின் தலைக்குப் போகிறது, அவ்வளவுதான். யாழ்ப்பாணத்தில் நமக்கு வற்றாத ஆறு இல்லை, சுண்ணக்கல்லுக்குள் தேங்கிய தண்ணீர்தான். சுன்னாகத்தில் மின் நிலையக் கழிவு எண்ணெய் கிணறுகளில் கலந்த வழக்கில் 2019இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு கட்டச் சொன்னது. அதற்குள் பவுசர் தண்ணீருக்கு வாளியோடு நின்றவர்கள் சுன்னாகத்துச் சனம்.