தைவான், அமெரிக்கக் குழந்தைகளை ஒப்பிடுகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தைவானின் தலைநகர் தைபேயில் ஒரு வீட்டுக்கு விருந்தினர் வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டரை வயதுக் குழந்தை பக்கத்தில் நிற்கும்போதே, நேற்று அது சுவரெல்லாம் கிறுக்கிவைத்த கதையைத் தாய் எடுத்துச் சொல்கிறார். சுவரில் கிறுக்கலாமா என்று குழந்தையிடமே கேட்டு, கூடாது என்ற பதிலை வாங்கிய பிறகுதான் பேச்சு வேறு பக்கம் திரும்புகிறது. நடுவில் ஆட்காட்டி விரலால் தம் கன்னத்தை மெல்லச் சுரண்டிக் காட்டவும் செய்கிறார்; 'வெட்கம், வெட்கம்' என்பதற்கு அங்கே அதுதான் சைகை. அதே கிறுக்கல் சிகாகோவில் ஒரு நடுத்தர வர்க்க வெள்ளையர் வீட்டில் நடந்திருந்தால், விருந்தினர் முன் அது வாய்க்கு வராமலே போயிருக்கலாம். வந்தாலும் குழந்தையின் சுட்டித்தனத்தைச் சொல்லிச் சிரிக்கும் கதையாகவே வந்திருக்கும்.

குழந்தை வளர்ப்பை ஆராயும் பெக்கி மில்லர், ஹைடி ஃபுங் உள்ளிட்டோர் 1997-இல் வெளியிட்ட ஆய்வு காட்டிய வேறுபாடு ஏறத்தாழ இதுதான். இதைப் படித்தவுடன் பலர் செய்யும் முதல் தவறு, அமெரிக்கத் தாய் குழந்தையின் தன்மதிப்பை வளர்க்கிறார், தைவான் தாய் அதை நசுக்குகிறார் என்று தீர்ப்பெழுதிவிடுவது. தைபே வீடுகளில் நெடுநாள் கவனித்த ஃபுங், அந்த வெட்கப்படுத்தல் பெரும்பாலும் விளையாட்டுத் தொனியில், குழந்தையையும் பேச்சில் சேர்த்துக்கொண்டே நடப்பதை எடுத்துக்காட்டினார். குழந்தையை ஒதுக்குவதற்காக அல்ல, ஊரார் முன் அது ஒதுக்கப்பட்டுவிடக் கூடாது என்பதற்காகவே தாய் முந்திக்கொள்கிறார். தைபேயிலிருந்து பார்ப்பவரும் இதே தவறைத் தலைகீழாகச் செய்யக்கூடும்: பிள்ளையின் குற்றத்தைச் சிரித்துக் கடத்தும் அமெரிக்கப் பெற்றோர் பொறுப்பற்றவர்களாகத் தோன்றலாம். இரண்டுமே, ஓர் ஊரின் செயலை இன்னோர் ஊரின் அகராதியில் பொருள் தேடுவதால் வருபவை. ஆய்வில் பங்கேற்றவை ஊருக்கு ஆறு குடும்பங்களே என்பதும் நினைவில் இருக்கட்டும். சில குடும்பங்களை ஆழமாகப் பார்த்த ஆய்வு என்பதே அதன் பலம். அதை இரண்டு நாடுகளின் சராசரியாக மேற்கோள் காட்டுவது அதற்குச் செய்யும் அநீதி.

'கண்டிப்பு' என்ற சொல்லும் இவ்வாறே தடுக்கி விடும். அமெரிக்க உளவியலில் பெற்றோரின் கண்டிப்பை அளக்கும் கேள்வித்தாள்களில், அதிக மதிப்பெண் பெறும் பெற்றோர் 'அதிகாரப் போக்கினர்' என்ற பெட்டிக்குள் போய்விடுவர். அமெரிக்காவில் குடியேறிய சீன வம்சாவளித் தாய்மாரைப் பற்றி உளவியலாளர் ரூத் சாவ் 1994-இல் எழுதிய கட்டுரை, அந்தப் பெட்டி அவர்களுக்குப் பொருந்தாது என்று வாதிட்டது. தைவானிலும் சீனாவிலும் பேசப்படும் மாண்டரின் மொழியில் 'குவான்' என்ற சொல்லுக்கு ஆள்வது என்றும் பொருள் உண்டு, அக்கறையோடு கவனித்துக்கொள்வது என்றும் பொருள் உண்டு; 'குவான்' செய்யாத தாய் அன்பில்லாத தாய். அடிக்கிற கைதான் அணைக்கும் என்று கேட்டு வளர்ந்த நமக்கு இது உடனே புரிந்துவிட்டதுபோல் இருக்கும். அந்த உடனடிப் புரிதலையும் கொஞ்சம் சந்தேகிப்பது நல்லது. நம் வீட்டுக் கண்டிப்பும் தைபே வீட்டுக் கண்டிப்பும் ஒன்றென்பதற்கு ஒரு பழமொழி சான்றாகாது.

அடுத்தது, ஒரு நகரத்தை ஒரு நாடாக எண்ணிவிடுவது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஹரால்ட் ஸ்டீவன்சன் 1980-களில் தைபே, ஜப்பானின் செண்டாய், அமெரிக்காவின் மினியாபொலிஸ் ஆகிய நகரங்களின் பள்ளிப் பிள்ளைகளை ஒப்பிட்டார். கணிதத்தில் அமெரிக்கப் பிள்ளைகள் பின்தங்கியிருந்தும், பிள்ளையின் படிப்பில் கூடுதல் மனநிறைவு காட்டியவர்கள் அமெரிக்கத் தாய்மார்தாம் என்ற முடிவு இன்றுவரை திரும்பத் திரும்ப எடுத்தாளப்படுகிறது. ஆனால் மினியாபொலிஸ் ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது? ஆங்கிலமே வீட்டுமொழியாகக் கொண்ட, அந்நாட்டிலேயே பிறந்த, ஓரளவு வசதியான குடும்பங்கள் அங்கு மிகுதி; எனவே அமெரிக்கத் தரப்பு பின்தங்கினால் மொழியையோ வறுமையையோ காரணம் சொல்ல முடியாது. கெட்டிக்காரத்தனமான தேர்வுதான். ஆனால் அதே காரணத்தால், லாஸ் ஏஞ்சலிஸின் லத்தீனக் குழந்தையைப் பற்றியோ, மிசிசிப்பியின் கறுப்பினக் குழந்தையைப் பற்றியோ அந்தத் தரவு எதுவும் சொல்லாது. தைபேயும் அவ்வாறே. அரசு ஏற்றுள்ள 16 பழங்குடிகள், தனி மொழி பேசும் ஹக்கா சீனக் குடும்பங்கள், வியட்நாமிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் மணமாகி வந்த தாய்மாரின் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்ததுதான் தைவானின் வகுப்பறை. 2019-இல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டத்தில் ஏழு தென்கிழக்காசிய மொழிகள் தொடக்கப்பள்ளியிலேயே இடம்பெற்றதற்கு இந்தப் பிள்ளைகளே காரணம்.

தைவானைப் பற்றிப் பேச சீனாவின் ஆய்வைத் துணைக்கு அழைப்பதும் அடிக்கடி நடக்கிறது. கூச்ச சுபாவமுள்ள பிள்ளையைச் சீனப் பண்பாடு மதிக்கிறது என்ற கூற்றுக்கு ஆதாரமாகக் காட்டப்படுபவை பெரும்பாலும் உளவியலாளர் சின்யின் சென் சீனாவின் ஷாங்காய்ப் பள்ளிகளில் செய்த ஆய்வுகள். அதே ஷாங்காயில் 1990-இல் சக மாணவரிடம் நற்பெயர் பெற்றிருந்த கூச்சம், 2002-இல் அவர்களிடம் ஒதுக்கப்படுவதோடு தொடர்புடையதாக மாறிவிட்டதையும் அவரே பதிவுசெய்திருக்கிறார். பன்னிரண்டே ஆண்டுகளில் ஒரு நகரத்துக்குள்ளேயே தலைகீழான ஒன்றை, கடல் தாண்டியுள்ள ஒரு தீவின் நிரந்தரக் குணமாகச் சொல்வது எந்த வகை ஆராய்ச்சி என்று எனக்கு விளங்கவில்லை.

பாலின வேறுபாட்டுக்கு வந்தால் தவறுகள் இன்னும் நுட்பமாகின்றன. கன்பூசிய மரபு ஆண்பிள்ளையை உயர்த்துவது. ஆகவே தைவானில் ஆண், பெண் இடைவெளி பெரிதாகவும் அமெரிக்காவில் சிறிதாகவும் இருக்கும் என்று பலர் தரவைத் திறக்கும் முன்பே முடிவுகட்டிவிடுகின்றனர். லம்மிஸும் ஸ்டீவன்சனும் 1990-இல் வெளியிட்ட ஒப்பீட்டில், பாடத்திட்டத்தை ஒட்டிய சோதனைகளில் தைவான், ஜப்பான், அமெரிக்கா ஆகிய மூன்று நாடுகளிலுமே பையன்களுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் இடையில் வேறுபாடு சொற்பமே. கணக்கு பையனுக்கு, வாசிப்பு பெண்ணுக்கு என்ற நம்பிக்கையோ மூன்று நாட்டுத் தாய்மாரிடமும் இருந்தது. பண்பாட்டு வேறுபாட்டைத் தேடிப் போனவர்களுக்குக் கிடைத்தது பண்பாடுகளைக் கடந்த ஓர் ஒற்றுமை. இத்தகைய முடிவு தலைப்புச் செய்தியாவதில்லை. அதனாலேயே அதைத் தேடிப் படிக்க வேண்டியிருக்கிறது.

சட்டமும் பள்ளிவிதியும் இந்த முன்முடிவைக் குலைக்கின்றன. 1949 முதல் 1987 வரை நீடித்த இராணுவச் சட்டக் காலத்தில், தைவான் பள்ளிமாணவியின் முடி காதளவுக்கு மேல் நீளக் கூடாது. அந்தப் படத்தையே மனத்தில் வைத்திருப்பவர்கள் 2004-இன் பாலினச் சமத்துவக் கல்விச் சட்டத்தைக் கவனிப்பதில்லை. பிங்டுங் மாவட்டத்தில், பெண்தன்மை உள்ளவன் என்று சக மாணவர்களின் கேலிக்கு ஆளாகி, இடைவேளையில் கழிவறைக்குப் போகவே அஞ்சி வகுப்பு நேரத்தில் போய்வந்த ஒன்பதாம் வகுப்பு மாணவன், 2000-இல் அக்கழிவறையில் விழுந்து கிடந்து இறந்தான். அதன் பின்னரே வரைவில் 'இருபால் சமத்துவம்' என்றிருந்த பெயர், ஆண், பெண் என்ற இரண்டோடு நில்லாத 'பாலினச் சமத்துவம்' என்று மாறியது. பள்ளியில் அடிப்பதைத் தைவான் 2006 டிசம்பரில் சட்டத்தாலேயே தடைசெய்தது. அமெரிக்காவிலோ அரசியலமைப்பு அதைத் தடுக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் 1977-இல் தீர்ப்பளித்தது. பல மாநிலங்களில் இன்றும் அது சட்டப்படி செல்லும். எந்த நாடு கண்டிப்பானது என்ற கேள்விக்கு வீட்டைக் கேட்டால் ஒரு பதிலும் பள்ளியைக் கேட்டால் இன்னொரு பதிலும் வருகின்றன.

அளவுகோலைப் பற்றி ஓர் எச்சரிக்கையும், அந்த எச்சரிக்கையைப் பற்றியே இன்னோர் எச்சரிக்கையும் உண்டு. 'முழுமையாக ஏற்கிறேன்' முதல் 'முற்றிலும் மறுக்கிறேன்' வரை நீளும் கேள்விகளில் தைவான், ஜப்பான் மாணவர் நடுப்புள்ளியையும், அமெரிக்க மாணவர் ஓரங்களையும் நாடுவதை 1995-இல் சுவான்ஷெங் சென் (மேலே சொன்ன சென் அல்லர்), லீ, ஸ்டீவன்சன் ஆகியோர் காட்டினர். இதை வைத்துக்கொண்டு எல்லாக் கருத்துக்கணிப்பும் குப்பை என்று ஒதுக்குவோர் உள்ளனர். அந்த வேறுபாடு சிறியது, நாடுகளின் சராசரிகளை ஒப்பிடுவதை அது மாற்றவில்லை என்பதும் அதே கட்டுரையில்தான் இருக்கிறது.

வயதையும் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும். தைவானின் மரபுக் கணக்கில் குழந்தை பிறக்கும்போதே ஒரு வயது, சந்திரப் புத்தாண்டு வந்தால் இன்னொன்று. பாட்டி சொல்லும் ஐந்து வயதும் பள்ளிப் பதிவேட்டின் ஐந்து வயதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பிறந்த தேதியைக் குறித்துக்கொள்வதே எளிது.

கடைசியாக, மொழிபெயர்ப்பில் பால் நுழையும் இடம். மாண்டரின் பேச்சில் அவன், அவள் இரண்டுக்கும் 'தா' என்ற ஒரே ஒலிதான். எழுத்தில் மட்டுமே வேறுபாடு. தைபே குழந்தை தன் தோழரைப் பற்றி 'தா தள்ளிவிட்டது' என்று சொன்னதை ஒலிப்பதிவிலிருந்து எழுதுபவர், தள்ளியது பையனாகத்தான் இருக்கும் என்று தாமே நினைத்து ஆண்பால் எழுத்தைப் போட்டுவிட்டால், அங்கேயே ஓர் 'ஆண்பிள்ளை முரட்டுத்தனம்' தரவில் பதிவாகிவிடும். ஆங்கிலத்திலும் தமிழிலும் பெயர்ப்பவருக்கு இந்தச் சிக்கல் தப்பாது. எழுதுமுன், தள்ளியது யார் என்று அந்தக் குழந்தையையோ தாயையோ கேட்டுவிட வேண்டும்.