ஈஸ்டர் முட்டை வேட்டையும் நாலு மணி மழையும்

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீட்டில் ஒவ்வொரு ஈஸ்டருக்கும் அக்கா பிள்ளைகள் ஐந்து பேர் தேடிக் கண்டுபிடிக்க நான்தான் பிளாஸ்டிக் முட்டைகளை ஒளித்து வைப்பேன். ஈஸ்டர் மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையில் வரும். குளிர் நாடுகளில் அது வசந்தம், கோலாலம்பூரில் பெரும்பாலும் இரண்டு பருவமழைக்கும் நடுவிலான இடிமழைக் காலம், காலையில் வெயில் கொளுத்தும், மாலை நாலு மணிக்கெல்லாம் வானம் இருண்டுவிடும்.

ஒரு வருடம் மதிய விருந்து முடிந்து மூன்றரைக்கு ஆரம்பித்தேன், பத்தே நிமிடத்தில் கொட்டியது. பிளாஸ்டிக் முட்டையின் நுனியில் சின்னத் துளை இருக்கும் இல்லையா, அது வழியாகத் தண்ணீர் புகுந்துவிட்டது. உள்ளே இருந்த சாக்லேட்டோ ஏற்கெனவே வெயிலில் உருகித் தாளோடு ஒட்டியிருந்தது. அந்தக் கூழைக் கையில் ஏந்திக்கொண்டு சின்னவள் அழுததை என்னால் தாங்க முடியவில்லை.

அப்புறம் நேரத்தை மாற்றினேன். காலைப் பூசை முடிந்து வந்ததும், பசியாறுவதற்கு முன்பே, ஒன்பது மணிக்குள் வேட்டை. சாக்லேட் குளிர்ப்பெட்டியிலேயே இருக்கும். முட்டைக்குள் 20 சென் நாணயமும் ஸ்டிக்கரும்தான், துளையில் செல்லோடேப். ஆளுக்கு ஒரு நிறம், ஆறு முட்டை, அதனால் பெரியவன் எல்லாவற்றையும் அள்ள முடியாது. ஒவ்வொன்றிலும் எண் எழுதியிருப்பதால் எது மிச்சம் என்று உடனே தெரியும். காலையிலேயே மழை வந்தால்? சரி, கார் நிறுத்தும் இடத்தில் செருப்பு அலமாரி, அம்மாவின் கறிவேப்பிலைத் தொட்டி, மடக்கிய குடை என்று இன்னொரு பட்டியல் தயாராக இருக்கிறது. போன முறை குடைக்குள் இருந்த மஞ்சள் நான்காம் எண்ணைத்தான் கடைசியாகக் கண்டுபிடித்தார்கள்.