செல்ஃப் ஸ்டோரேஜ் கிடங்குகள்: வாடகைப் போக்கையும் நிரம்பல் விகிதத்தையும் சேர்த்துப் படிக்கும் முறை

வீட்டில் இடமில்லாத சாமான்களை மாத வாடகைக்கு அறை எடுத்துப் பூட்டி வைக்கும் செல்ஃப் ஸ்டோரேஜ் வணிகம் அமெரிக்காவில் மிகப் பெரியது. பப்ளிக் ஸ்டோரேஜ், எக்ஸ்ட்ரா ஸ்பேஸ், கியூப்ஸ்மார்ட் போன்ற நிறுவனங்களின் பங்குகளை வாங்க நினைப்பவரானாலும், தனியாக ஒரு கிடங்கை விலைபேசுபவரானாலும், முதலில் கேட்பது எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்பதைத்தான். ஆனால் அந்த ஓர் எண்ணை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய இயலாது. 92 சதவீதம் நிரம்பிய ஒரு கிடங்கில் வருமானம் வளர்ந்துகொண்டிருக்கலாம். அதே அளவு நிரம்பிய மற்றொன்றில் மாதாமாதம் தேய்ந்துகொண்டிருக்கலாம். புதிதாக வருபவர் கொடுக்கும் வாடகைக்கும், காலி செய்துவிட்டுப் போகிறவர் அதுவரை கொடுத்துவந்த வாடகைக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தால்தான் இவ்விரண்டையும் பிரித்தறிய முடியும்.

நிரம்பல் விகிதம் எந்த அடிப்படையில் கணக்கிடப்பட்டது என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். அறைகளின் எண்ணிக்கையை வைத்தும் கணக்கிடலாம், சதுர அடியை வைத்தும் கணக்கிடலாம். சிறிய அறைகள் எல்லாம் நிரம்பி, 10-க்கு 30 அடி அறைகள் காலியாகக் கிடக்கும் இடத்தில் இவ்விரு எண்களும் வெகுவாக விலகி நிற்கும். காலாண்டின் கடைசி நாள் நிலவரமா, காலாண்டு முழுவதற்கும் உரிய சராசரியா என்பதையும் பார்க்க வேண்டும். கடைசி வாரங்களில் சலுகைகளை அள்ளிக் கொடுத்து ஆட்களைச் சேர்த்தால் கடைசி நாள் எண் அழகாகத் தெரியும். சராசரியை அவ்வளவு எளிதில் உயர்த்திவிட முடியாது.

ஒப்பிடும்போது முந்தைய ஆண்டின் அதே மாதத்தோடு மட்டுமே ஒப்பிட வேண்டும். வீடு மாறுவோரும் கல்லூரி மாணவர்களும் கோடையில் அறை எடுப்பதால் ஜூன், ஜூலை மாதங்களில் கிடங்குகள் நிரம்பும். குளிர்காலத்தில், குறிப்பாக பிப்ரவரியை ஒட்டி, அடிமட்டத்தைத் தொடும். மார்ச் முதல் ஜூன் வரையான ஏற்றத்தைப் பார்த்துச் சந்தை மீண்டுவிட்டது என்று எழுதுவது ஆண்டுதோறும் நடக்கும் தவறு. நிறுவன அறிக்கையாக இருந்தால், இரண்டு ஆண்டுகளிலும் தொடர்ந்து இயங்கிய கிடங்குகளை மட்டும் கொண்ட ‘சேம் ஸ்டோர்’ அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்ட்ரா ஸ்பேஸ் நிறுவனம் 2023 ஜூலையில் லைஃப் ஸ்டோரேஜைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. அத்தகைய இணைப்புக்குப் பிறகு மொத்த வருமானம் துள்ளிக் குதிப்பதை வளர்ச்சி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

வாடகைக்கு வருவோம். இணையதளத்தில் காட்டப்படும் விளம்பர வாடகை, புதியவர் சலுகை போக உண்மையில் கொடுக்கும் வாடகை, ஏற்கெனவே இருப்பவர்கள் கொடுத்துவரும் நடப்பு வாடகை என மூன்று வாடகைகள் இந்தத் தொழிலில் ஒரே நேரத்தில் புழங்குகின்றன. ஒப்பந்தம் மாதத்துக்கு மாதம் புதுப்பிக்கப்படுவதால், குறைந்த வாடகையைக் காட்டி ஆளைச் சேர்த்து, சில மாதங்களில் உயர்த்துவது பெரிய நிறுவனங்களின் வழக்கமான உத்தியாகிவிட்டது. உயர்த்தினாலும் பலர் காலி செய்வதில்லை. வண்டி பிடித்து, ஒரு விடுமுறை நாளைச் செலவழித்து, கட்டிலையும் பீரோவையும் வேறிடத்துக்குத் தூக்கிப் போவதைவிட மாதம் 15 டாலர் கூடக் கொடுப்பது அவர்களுக்கு எளிது. இந்தத் தொழிலின் லாபத்தில் பெரும்பங்கு அந்தச் சோம்பலில்தான் இருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

ஒரு கற்பனைக் கிடங்கை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10-க்கு 10 அடி அறைகள் 500. அவற்றில் 460 நிரம்பியுள்ளன, அதாவது 92 சதவீதம். நடப்பு வாடகை சராசரியாக 150 டாலர். மாத வருமானம் 69,000 டாலர். ஒரு மாதத்தில் 23 பேர் காலி செய்கிறார்கள், 23 பேர் புதிதாக வருகிறார்கள். நிரம்பல் விகிதம் அசையவே இல்லை. ஆனால் போனவர்கள் சராசரியாக 155 டாலர் கொடுத்தவர்கள், வந்தவர்கள் 108 டாலர் கொடுக்கிறார்கள். ஆளுக்கு 47 டாலர் வீதம் மாத வருமானத்தில் 1,081 டாலர் குறைகிறது. அதை ஈடுகட்ட, மீதமிருக்கும் 437 பேரில் 73 பேருக்காவது 15 டாலர் உயர்த்தியாக வேண்டும். அடுத்த மாதமும் இதே நிலை என்றால் இன்னும் ஏறத்தாழ அத்தனை பேருக்கு. உயர்வுக்கு ஆளானவர்களில் ஒரு பகுதியினர் வெளியேறினால் இடைவெளி மேலும் விரியும். எனவே எந்த அறிக்கையைக் கையில் எடுத்தாலும், புதியவர் வாடகை, வெளியேறுபவர் வாடகை, மாதாந்திரப் புழக்கம் (மாதத்தில் எத்தனை பேர் காலி செய்கிறார்கள், எத்தனை பேர் வருகிறார்கள்) ஆகிய மூன்றையும் தேடி எடுத்து இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுவிடுங்கள்.

கிடங்கை விற்பவர்கள் காட்டும் ‘பொருளாதார நிரம்பல்’ என்னும் எண்ணிலும் ஒரு பொறி உண்டு. எல்லா அறைகளும் விளம்பர வாடகைக்குப் போனால் கிடைக்கக்கூடிய தொகையால் உண்மையான வருமானத்தை வகுத்து அதைப் பெறுகிறார்கள். மேற்சொன்ன கிடங்கில் விளம்பர வாடகையும் 108 டாலர்தான் என்றால், கிடைக்கக்கூடிய தொகை 54,000 டாலர். உண்மை வருமானமோ 69,000 டாலர். விகிதம் ஏறத்தாழ 128 சதவீதம்! கேட்பதற்கு மிகச் சிறப்பாக இருக்கும். பழைய வாடிக்கையாளர்கள் சந்தை விலையைவிட வெகுவாக அதிகம் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள், அவர்கள் போனால் அந்த வருமானம் திரும்பி வராது என்பதே அதன் பொருள்.

2020-க்குப் பிந்தைய ஆண்டுகள் இதற்கு நல்ல பாடம். பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டிலிருந்து வேலை, ஊர் மாற்றம், வீடு வாங்கும் வேகம் எல்லாம் சேர்ந்து 2021-இல் கிடங்குகள் வழக்கத்துக்கு மாறாக நிரம்பின, வாடகையும் ஏறியது. 2022-இல் வட்டி உயரத் தொடங்கியது. 2023 அக்டோபரில் 30 ஆண்டு வீட்டுக்கடன் வட்டி 8 சதவீதத்தை நெருங்கியது. அந்த ஆண்டு பழைய வீடுகளின் விற்பனை 1995-க்குப் பிறகு இல்லாத அளவுக்குக் குறைந்தது. வீடு மாறுவோர் குறைந்தால் அறை தேடுவோரும் குறைவார்கள். இருக்கும் சிலரைப் பிடிக்க நிறுவனங்கள் இணைய வாடகையை வெட்டின. நிரம்பல் விகிதம் சில புள்ளிகள்தான் இறங்கியது. புதியவர் வாடகையோ இரட்டை இலக்கச் சதவீதத்தில் சரிந்தது. நிரம்பலை மட்டும் பார்த்தவர்களுக்கு அந்தச் சரிவு வெகு தாமதமாகவே தெரிய வந்தது. வீட்டுக்கடன் வட்டியையும் வீடு விற்பனையையும் மாதந்தோறும் பார்த்துவருவது இந்தக் காரணத்தால் பயனுள்ளது.

ஒரு குறிப்பிட்ட பகுதியின் விவரங்களை நீங்களே திரட்டுவதானால், ஒரே அளவு, ஒரே வகை அறையைத் தேர்ந்துகொண்டு, வாரத்தின் ஒரே நாளில் ஒவ்வொரு கிடங்கின் இணைய விலையையும் குறித்து வாருங்கள். வெப்பநிலை கட்டுப்படுத்தப்பட்ட அறையையும் சாதாரண அறையையும் ஒரே பட்டியலில் கலக்கக் கூடாது. தரைத்தள அறைக்கும் மாடி அறைக்கும் விலை வேறு. முதல் மாதம் இலவசம் என்றால் அதைக் கழித்தே எழுத வேண்டும்: 108 டாலர் அறையில் ஆறு மாதம் இருப்பவருக்கு உண்மையான வாடகை 90 டாலர்தான். சேர்க்கைக் கட்டணத்தையும் கட்டாயக் காப்பீட்டையும் தனிப் பத்தியில் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, சுற்றுவட்டாரத்தில் எத்தனை புதிய கிடங்குகள் எழும்புகின்றன என்பதை நகராட்சியின் கட்டட அனுமதிப் பதிவுகளில் பார்க்க வேண்டும். பெரும்பாலான வாடிக்கையாளர்கள் மூன்று முதல் ஐந்து மைலுக்குள்ளிருந்து வருகிறார்கள் என்பதால் நாடு தழுவிய சராசரி இங்கே அதிகம் உதவாது. புதிய கிடங்கு நிலையாக நிரம்ப ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் பிடிக்கும். அதுவரை அது குறைந்த வாடகையில்தான் ஆள் பிடிக்கும், பக்கத்துக் கிடங்குகளும் அதற்கேற்ப இறங்க நேரிடும். அட்லாண்டா, ஃபீனிக்ஸ், புளோரிடாவின் பல நகரங்கள் இப்படித்தான் அடி வாங்கின; நிலம் அரிதான நியூயார்க் ஓரளவு தாக்குப்பிடித்தது.

இயற்கைப் பேரிடர் நடந்த இடங்களின் எண்களைத் தனியே பிரித்து வையுங்கள். புயலுக்குப் பின் அறைகள் சட்டென்று நிரம்புவது, வீடுகள் பழுதுபார்க்கப்பட்டதும் வடிந்துவிடும். கலிபோர்னியாவில் இன்னொரு சிக்கலும் உண்டு: அவசரநிலை அறிவிக்கப்பட்டால், பொதுவாக 10 சதவீதத்துக்கு மேல் விலையேற்றுவதைத் தடுக்கும் மாநிலச் சட்டம் சேமிப்புக் கிடங்குகளுக்கும் பொருந்தும். 2025 ஜனவரி காட்டுத்தீக்குப் பிறகு லாஸ் ஏஞ்சலிஸில் அத்தகைய கட்டுப்பாடு வந்தது. குறைந்த வாடகையில் சேர்த்துப் பின்னர் உயர்த்தும் உத்தி அந்தக் கட்டுப்பாடு இருக்கும்வரை அங்கே செல்லாது என்பதால், அந்த மாதங்களின் நிரம்பலும் வாடகையும் மற்ற நகரங்களோடு ஒப்பிடத் தக்கவை அல்ல.