ஏற்காடு ஏறுறதுக்கு முன்னாடி போன்ல படம் ஏத்திக்கிறது எப்படி

எங்க அம்மாயி (அம்மாவோட அம்மா) வீடு ஏற்காடு டவுன்ல இருந்து இன்னும் உள்ள தள்ளி காபித் தோட்டத்துக்கு நடுவுல இருக்குங்க. ஏரிப் பக்கம் டவர் நல்லாத்தான் இருக்கும், உள்ள போகப்போக ஒரு கோடு வரும் போகும், வாசல்ல மிளகுக் கொடி ஏறின சில்வர் ஓக் மரத்தடில போய் நின்னா வாட்ஸ்அப் மெசேஜ் மட்டும் போகும், வீடியோ போட்டா வட்டம் சுத்திக்கிட்டே இருக்கும். அதனால மாசம் ஒருக்கா போகும்போது சேலத்துலயே படத்த எறக்கிக்கிட்டுத்தான் பஸ் ஏறுவேன். இதுல நான் பட்ட பாட்டை நீங்களும் படவேண்டாம்னுதான் எழுதுறேன்.

மொதல்ல என்ன படம்னு வீட்டுலயே முடிவு பண்ணிருங்க. ரெண்டு நாளைக்கு ரெண்டு படம் போதும், மிஞ்சிப்போனா மூணு. நான் ஒரு தடவ பதினொன்னு எறக்கிட்டுப் போயி ஒவ்வொன்னுலயும் பத்து நிமிஷம் பாத்துட்டு ஒன்னைக்கூட முடிக்கல. எனக்கு என்னமோ நெட் இல்லாம பாக்கிற படம்தான் முழுசா பாத்த மாதிரி இருக்கு, வேற எங்கயும் தாவ முடியாது பாருங்க, அதுவா முடியுற வரைக்கும் உக்காந்துதான் ஆகணும்.

குவாலிட்டிய பெருசா வைக்காதீங்க. ஆறு இஞ்ச் ஸ்கிரீன்ல 480க்கும் 1080க்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கிறவங்க ரொம்பக் கம்மி, ஆனா டேட்டா ரெண்டு மூணு மடங்கு போயிரும். ஆப் செட்டிங்ஸ்ல டவுன்லோட் குவாலிட்டின்னு இருக்கும், அதுல ஸ்டாண்டர்ட் போதும். வீட்டுல வைஃபை இல்லாதவங்க அதே இடத்துல 'வைஃபைல மட்டும் டவுன்லோட்'னு இருக்கிறத ஆஃப் பண்ணணும், இல்லன்னா ராத்திரி போட்டுட்டுப் படுத்தா காலைல அப்படியே நிக்கும். நம்மள மாதிரி தினம் 1.5 ஜிபி பேக் போட்டவங்களுக்கு ஒரு வழி இருக்கு. பொதுவா ராத்திரி 12 மணிக்கு புது கோட்டா வந்துரும், அதனால பதினொரு மணிக்கு மேல மிச்சம் இருக்கிற டேட்டால ஒரு படம், 12 அடிச்சதும் இன்னொன்னு.

அடுத்து ஆடியோ. இங்கதான் நான் மாட்டுனேன். மலையாளப் படம் ஒன்னு, தமிழ் டப்பிங் இருக்குன்னு எறக்கிட்டுப் போயிட்டேன், சில ஆப்புல நீங்க தேர்ந்தெடுத்த மொழி மட்டும்தான் எறங்கும்னு அப்ப எனக்குத் தெரியாது. மேல போயி ஓட விட்டா முழுக்க மலையாளம். அம்மாயி ஒன்னும் சொல்லல, ரெண்டரை மணி நேரமும் பாத்து முடிச்சுட்டு "கதை நல்லாத்தான் இருக்குது கண்ணு, ஆனா அந்தப் பையன் எதுக்கு அழுதான்?"னு கேட்டுச்சு. எனக்கும் தெரியல.

எல்லாம் எறங்குனதும் கட்டாயம் செய்யவேண்டியது ஒன்னு இருக்கு. போன ஃப்ளைட் மோடுல போடுங்க, வைஃபையும் ஆஃப்ல இருக்கான்னு பாத்துக்கோங்க, ஆப்ப முழுசா மூடிட்டு திரும்பத் தெறந்து ஒவ்வொரு படத்தையும் நடுவுல இருந்து ஒரு நிமிஷம் ஓட்டிப் பாருங்க. ஏன்னா ஒரு தடவ அங்க போயி தெறந்தா திரும்ப லாகின் பண்ணச் சொல்லுச்சு, இன்னொரு தடவ 'காலாவதி ஆயிருச்சு'ன்னுச்சு. எறக்குன படத்துக்கெல்லாம் கெடு உண்டு, அதுலயும் சிலது பாக்க ஆரம்பிச்சா ரெண்டே நாள்தான். அதனால கெளம்புறதுக்கு முந்துன ராத்திரி எறக்குறதுதான் நல்லது.

பஸ்ல பாக்காதீங்க. அடிவாரத்துல இருந்து 20 கொண்டை ஊசி வளைவு, கண்ணு ஸ்கிரீன்ல நிலையா இருக்கும், காதுக்குள்ள இருக்கிற சமநிலை உறுப்பு வண்டி திரும்புதுங்கும், ரெண்டும் ஒத்துப்போகாம அஞ்சாவது வளைவுலயே எலுமிச்சம்பழம் தேடுவீங்க. ஜன்னலுக்கு வெளிய போன நீட்டி ரீல்ஸ் எடுக்கிறவங்களுக்கு ஒன்னும் சொல்றதுக்கில்ல, குரங்கு பாத்துக்கும். பேசாம வெளிய வேடிக்கை பாருங்க. ஏற்காடு ரோட்டுல மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவோட வாசல் வளைவு வருமே, தமிழோட முதல் முழுநீளக் கலர் படத்த 1956ல எடுத்த கம்பெனி, அந்த வாசலத் தாண்டித்தான் பாக்கெட்டுல மூணு படத்த வச்சுக்கிட்டு போறோம். எனக்கு ஒவ்வொரு தடவையும் சிரிப்பு வரும்.

மேல போனதும் ஃப்ளைட் மோடுலயே விட்டுருங்க. டவர் கம்மியா இருக்கிற எடத்துல போன் சிக்னலத் தேடித்தேடியே சார்ஜ தின்னுரும், ப்ளூடூத் வேணும்னா தனியா ஆன் பண்ணிக்கலாம். முக்கியமான போன் வரும்னா மட்டும் மணிக்கு ஒருக்கா மரத்தடிக்குப் போங்க. மலைல கரண்ட் எப்பப் போகும்னு சொல்ல முடியாது, பவர் பேங்க் இருந்தா எடுத்துக்கோங்க.

சத்தம் பத்தலன்னா எவர்சில்வர் சொம்புக்குள்ள போன வைக்கச் சொல்லுவாங்க, வச்சுப் பாத்தேன், தகரக் கொட்டகைல பேசுற மாதிரி இருக்கு. பீங்கான் காபி கப்புல ஸ்பீக்கர் பக்கம் கீழ இருக்கிற மாதிரி நிறுத்துங்க, சத்தமும் ஏறும், கொஞ்சம் சாய்ஞ்சு நிக்கிறதால நாலு பேரு உக்காந்து பாக்கவும் வசதி. நாங்க தட்டுவடை செட்ட நடுவுல வச்சுக்கிட்டு அப்படித்தான் பாப்போம்.

சின்னப் பசங்ககிட்ட போன் குடுக்கிறதா இருந்தா ஆண்ட்ராய்டுல 'ஆப் பின்'னு ஒன்னு இருக்கு, செக்யூரிட்டி செட்டிங்ஸ்ல தேடுங்க. அதையும், வெளிய வர பின் நம்பர் கேக்கணும்ங்கிறதையும் ஆன் பண்ணிட்டு, ரீசன்ட் ஆப்ஸ் பக்கத்துல படம் ஓடுற ஆப்ப பின் பண்ணிட்டா, படத்த விட்டு வெளிய போகணும்னா பின் நம்பர் கேக்கும். சித்தி பையன் ஒரு ராத்திரி என் மேனேஜருக்கு கால் போட்டு "மாமா, இங்க ஒரே பனி"ன்னு சொன்னதுக்கு அப்புறம்தான் இத நான் கத்துக்கிட்டேன்.

திரும்பி வரும்போது டேட்டாவ ஆன் பண்றதுக்கு முன்னாடி வாட்ஸ்அப்ல மீடியா ஆட்டோ டவுன்லோட ஆஃப் பண்ணிருங்க. இல்லன்னா அடிவாரம் வந்ததும் ரெண்டு நாள் சேத்து வச்ச குட்மார்னிங் வீடியோ எல்லாம் ஒன்னா எறங்கி, கோரிமேடு வர்றதுக்குள்ள அன்னைக்கு பேக் முடிஞ்சிரும்.